உரோம் நகரும் வழிகாட்டியின் சொல்லும்

ஓர் ஊரைத் தானே கண்டறிதல் ஒன்று. அறிந்தார் ஒருவர் உடன்வந்து காட்டக் காணுதல் மற்றொன்று. பின்னதில், காண்பவனுக்கும் ஊருக்கும் இடையே சொல் ஒன்று புகுகின்றது. அச் சொல் கண்ணுக்குத் துணையாதலும் உண்டு. கண்ணை மறைத்தலும் உண்டு. ஐரோப்பிய நகரங்களுள் இவ்வாறு பிறரால் காட்டப்பெற்ற வரலாறு நெடிதாக உடையது உரோம். மூவர் நால்வர் கூடி, வழிகாட்டி ஒருவரைத் தமக்கென அமர்த்திக்கொண்டு, கேபிடல் குன்றும் பழைய பொதுமன்றமும் கொலோசியமும் அரைநாளிற் கண்டு மீளுதல் இன்றும் அந் நகரில் அன்றாட நிகழ்ச்சியாகும். அவ் வழிகாட்டி கூறும் உரை திறனாய்வுக்கு உரியதோ எனின், உரியதே என்க. அவ் வுரைக்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கிய மரபு உண்டு. அம் மரபின் சில இடங்களை ஆராய்ந்து, நல்ல வழிகாட்டியின் இலக்கணம் யாது என்பதைக் காண்டலே இக் கட்டுரையின் நோக்கம்.

ஆற்றுப்படை பயின்ற நமக்கு இவ் வாராய்ச்சி முற்றும் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் அவ் வகையைச் சார்ந்தவை. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. ஆற்றுப்படுத்துவோன் பெற்ற பேற்றைக் கூறி, வழியையும் கூறி, பெறாதவனைச் செலுத்துவான். தான் உடன் செல்வதில்லை. உரோம் நகர வழிகாட்டியோ உடன் நடப்பவன். ஆதலின் அவன் சொல்லைக் கேட்கும் பொழுதே கண்ணும் பொருளைக் காண்கின்றது. சொல்லும் பொருளும் ஒன்றையொன்று அப்பொழுதே அளந்துகொள்ளும் நிலை இது. அதனால் பிழையும் உடனே வெளிப்படலாம். பிழையே மெய்யாக மனத்தில் பதியவும் செய்யலாம்.

1. எவாந்தர்

வர்ஜில் தம் வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் இயற்றி, கி. மு. 19இல் இறந்தபொழுது முற்றத் திருத்தாது விட்டுச் சென்ற காப்பியம் ஈனியட். அதன் எட்டாம் படலத்தில், திராய் நகர் அழிந்தபின் புகலிடம் தேடி வந்த ஈனியாசு, தைபர் ஆற்றங்கரையில் எவாந்தர் என்னும் முதிய மன்னனைக் காண்கின்றான். விழா முடிந்தபின் எவாந்தர், விருந்தினனும் தன் மகன் பல்லாசும் இருபாலும் வர, ஊர் நோக்கி நடக்கின்றான். நடக்குங்கால் ஒவ்வோர் இடத்தையும் காட்டி உரைக்கின்றான். ஈனியாசு எளிதிற் கண்ணைச் செலுத்தி வியந்து, வினவி, முன்னோர் நினைவுச் சின்னங்களின் வரலாற்றை மகிழ்ந்து கேட்கின்றான். மூவர் நடை, ஒருவர் காட்டுநர், கேட்போர் வினவும் உரிமை உடையார். பிற்காலத்தார் பொருள் கொடுத்துப் பெறும் தனி நகர்க்காட்சியின் முழு வடிவமும் ஈண்டு அமைந்துள்ளது.

இந் நடையில் வியப்புக்குரியது யாதெனின், காட்டப்படும் நகரம் இன்னும் எழவில்லை என்பதே. எவாந்தர் காட்டுவன காடும் பாறையும் குகையும் பழஞ் சுவர்களும் ஆகும். பிற்காலத்தில் பொன் வேய்ந்து விளங்கிய கேபிடல் குன்றில் அப்பொழுது முட்புதர் மண்டியிருந்தது என்று கவிஞர் இடையிற் புகுந்து கூறுகின்றார். பொதுமன்றம் இருக்கவேண்டிய இடத்தில் மாடுகள் கத்துகின்றன. வழிகாட்டி இறந்த காலத்தைக் காட்ட, அவனுக்குத் தெரியாமலே கவிஞர் எதிர்காலத்தைக் காட்டுகின்றார். படிப்போன் இரண்டையும் ஒருங்கே காண்கின்றான்.

இப் பகுதி அகசுதசுப் பேரரசனைப் புகழ்தற்கென அமைந்தது என்று கூறுவாரும் உளர். புகழ்ச்சி இதன்கண் இல்லை எனல் இயலாது. ஆயினும் அஃது ஒன்றே நோக்கமாயின், மூன்று செய்திகளுக்கு இடம் இராது. முதலாவது, எவாந்தர் தன் உரையைத் தன் குடியின் பெருமையிலிருந்து தொடங்கவில்லை. அக் காட்டில் முன்பு வாழ்ந்தோர் யாவர், பின் புகலிடம் தேடி வந்த சனி தேவன் ஆட்சி எத்தகையது, அடுத்தடுத்து வந்த குடிகளால் நாட்டின் பெயரும் ஆற்றின் பெயரும் எவ்வாறு மாறின என்பனவற்றையே முதற்கண் கூறுகின்றான். இரண்டாவது, காட்டும் எவாந்தரும் காணும் ஈனியாசும் அம் மண்ணிற் பிறந்தவரல்லர். ஒருவன் ஆர்க்கேடியாவிலிருந்தும் மற்றொருவன் திராயிலிருந்தும் வந்தவர். உரோமின் முதல் வழிகாட்டி ஓர் அயலான். மூன்றாவது, நகரம் தோன்றுமுன்னரே அங்கு இரு பழம் ஊர்களின் இடிந்த சுவர்கள் காட்டப்படுகின்றன. எழப்போகும் பேரூருக்கும் அவ் விடிபாடே முடிவு ஆகலாம் என்னும் குறிப்பு அதனுள் அடங்கியுள்ளது. புகழ்வதற்கு மட்டும் எழுதுவோன் இக் குறிப்பை வைக்கமாட்டான்.

வரலாறு இக் குறிப்பை மெய்ப்பித்தது. 15ஆம் நூற்றாண்டில் போச்சியோ பிராச்சியோலினி என்னும் அறிஞர் கேபிடல் குன்றின் இடிபாடுகளைக் கண்டு, வர்ஜில் கூறிய முறையைத் தலைகீழாக மாற்றி, முன்பு பொன்னாக இருந்தது இன்று முட்புதராயிற்று என வருந்தினார். பொதுமன்றம் மண் மூடிப் பல நூற்றாண்டுகள் 'மாட்டுவெளி' என்று பொருள்படும் பெயரால் வழங்கிற்று. வர்ஜில் காட்டிய மாடுகள் தம் இடத்துக்கே மீண்டன.

அதே படலத்தின் இறுதியையும் இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். அங்கு ஈனியாசு தெய்வம் அளித்த கேடயம் ஒன்றைப் பெறுகின்றான். உரோமின் வருங்கால வரலாறு முழுவதும் அதன்மேல் செதுக்கப்பட்டுள்ளது. அதனை விளக்குவார் எவரும் அவன் அருகில் இல்லை. நிகழ்ச்சிகளை அறியாமலே உருவங்களின் அழகில் மகிழ்ந்து, வழித்தோன்றல்களின் புகழையும் ஊழையும் தோளில் ஏற்றிக்கொள்கின்றான். வழிகாட்டியோடு கண்ட காட்சி ஒன்றும், வழிகாட்டி இன்றிக் கண்ட காட்சி ஒன்றும் ஒரே படலத்தில் இணைக்கப்பட்டுள்ளன. முன்னதில் அறிவு மிகுகின்றது. பின்னதில் அழகு மட்டும் எஞ்சுகின்றது. வழிகாட்டியின் பயன் யாது என்னும் வினாவுக்கு வர்ஜில் தரும் விடை இவ் விணைப்பிலேயே உள்ளது எனலாம்.

2. மிராபிலியா

12ஆம் நூற்றாண்டில், 1140ஐ ஒட்டிய ஆண்டுகளில், இலத்தீன் மொழியில் எழுந்தது 'உரோம் நகரின் வியப்புகள்' எனப் பொருள்படும் மிராபிலியா என்னும் சிறு நூல். மதில், வாயில், வளைவு, குன்று, அரண்மனை என நிரல்படக் கூறி, இடையிடையே கதைகளையும் சேர்ப்பது அதன் இயல்பு. பிற்காலத்தில் உரோமுக்கு வந்த யாத்திரிகர் பலர் இந் நூல் வழியாகவே பழைய நகரை அறிந்தனர்.

குயிரினால் குன்றில் குதிரைகளை அடக்கும் இரு ஆடவர் உருவங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் பீடங்களில் பிதியாசு, பிராக்சிதெலீசு என்னும் கிரேக்கச் சிற்பியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மிராபிலியா அப் பெயர்களைச் செய்தோரின் பெயர்களாகக் கொள்ளாமல், அவ் வுருவங்களின் பெயர்களாகவே கொண்டது. அவ் விருவரும் தைபீரியசுப் பேரரசனிடம் வந்த இளம் அறிஞர்கள் என்றும், உலகின் அறிவெல்லாம் அவர்கட்கு மறைவின்றித் திறந்து கிடந்தமையால் ஆடையின்றி வடிக்கப்பெற்றனர் என்றும் கதை கூறிற்று. சிற்பிகளே அச் சிற்பங்களைச் செய்தனர் என்பதும் இன்றைய ஆராய்ச்சிக்கு உடன்பாடன்று. அவை உரோமப் பேரரசுக் காலத்தவை. எனவே பிழையான பொறிப்பு ஒன்றின்மேல் பிழையான விளக்கம் ஒன்று ஏறி நின்றது.

மார்க்கசு அவுரேலியசின் வெண்கலக் குதிரைச் சிலைக்கும் இந் நூல் ஒரு கதை கூறுகின்றது. நகரை முற்றுகையிட்ட அரசனைப் பிடித்து மீட்ட வீரன் ஒருவனின் சிலை அது என்பதும், குதிரையின் தலைமேல் இருப்பது அவ் வரசன் வரவை அறிவித்த பறவை என்பதும் கதை. பறவை எனப்பட்டது குதிரையின் நெற்றி மயிர்க்கற்றையே. மக்கள் வழக்கிலோ அது கான்சுடன்டைன் பேரரசனின் சிலை எனப்பட்டது. முதற் கிறித்தவப் பேரரசன் என்று கருதப்பட்டமையாற்றான், பிற வெண்கலச் சிலைகள் உருக்கப்பட்ட காலத்திலும் அஃது உருக்கப்படாமல் தப்பியது என்பர். 1538இல் அது கேபிடல் குன்றுக்குக் கொணரப்பட்டது. இன்று மூலச்சிலை அருங்காட்சியகத்தினுள் இருக்க, வெளியே அதன் படி நிற்கின்றது.

மிராபிலியாவை அறியாமையின் தொகுப்பு என ஒதுக்குதல் எளிது. ஆயின் தவறான பெயர் ஒன்றே பேரரசன் சிலையைக் காத்ததெனின், அக் காலத்தார் கதையை முற்றும் இகழ்தல் பொருந்தாது. கற்பாரற்றுக் கிடந்த கற்களுக்கு ஏதேனும் ஒரு பொருள் கூறவேண்டும் என்னும் வேட்கை அதன்கண் உள்ளது. குறை யாதெனின், சான்றால் அறிந்தது இது, கேட்டது இது என்று பிரித்துக் கூறாமையே ஆகும்.

3. பயர்சும் டுவெயினும்

18ஆம் நூற்றாண்டில் வழிகாட்டல் கற்றோர் தொழிலாயிற்று. 1764இல் உரோமுக்கு வந்த எட்வர்டு கிப்பனுக்கு வழிகாட்டியவர் சேம்சு பயர்சு என்னும் இசுக்காத்லாந்துத் தொல்பொருள் அறிஞர். பதினெட்டு வாரம் அவர் நாள்தோறும் காட்டினார் என்றும், அவ் வுழைப்பில் தம் கவனம் சிற்சில வேளை சோர்ந்தது என்றும் கிப்பன் தன்வரலாற்றில் குறிக்கின்றார். ஆனால் அத் தன்வரலாற்றில் உலகறிந்த இடம் வேறு. 1764 அக்டோபர் 15ஆம் நாள் கேபிடல் இடிபாடுகளிடையே அமர்ந்து, துறவியர் பாடும் மாலை வழிபாட்டைக் கேட்டிருந்தபொழுது, நகரின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் பிறந்தது என்பதே அது. அக் காட்சியில் பயர்சு இல்லை. மேலும், துறவியர் பாடிய கோயில் சூபித்தர் கோயில் நின்ற இடம் என்று கிப்பன் கொண்டார். சூபித்தர் கோயில் குன்றின் மறு முடியில் நின்றது என்பதே இன்று தெளிந்த முடிபு.

இதனால், வழிகாட்டி இல்லாத வேளையே பேரெண்ணம் தரும் என முடித்தல் தகாது. பதினெட்டு வார உழைப்பின்றி அவ் வெண்ணம் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த வரலாறாக வளர்ந்திராது. கேடயத்தின் அழகும் எவாந்தரின் சொல்லும் ஒருவரிடமே கூடியமை கிப்பனின் சிறப்பு.

மார்க் டுவெயின் 1867இல் மேற்கொண்ட பயணத்தை 1869இல் நூலாக்கினார். அவர் காட்டும் வழிகாட்டி கிளிப்பிள்ளை போல் மனப்பாடம் ஒப்பிப்பவன். இடையில் வினவினால் முதலிலிருந்து மீண்டும் தொடங்குபவன். கேட்போர் வியப்பையே உண்டு வாழ்பவன். டுவெயினும் நண்பரும் எதைக் காட்டினும் வியவாது, 'இவர் இறந்துவிட்டாரோ' என்று பேதையர் போல் வினவி, அவனைத் திகைக்க வைக்கின்றனர். நகைச்சுவைக்கு அடியில் கூரிய திறனாய்வு உள்ளது. எவாந்தரை வினவியவன் அறிதற்பொருட்டு வினவினான். டுவெயின் மனப்பாடத்தை உடைத்தற்பொருட்டு வினவினார். வினாவை ஏலாத உரை உயிரற்றது என்பதை இருவரும் இரு நெறியால் உணர்த்துகின்றனர். ஆயினும் டுவெயினிடம் ஒரு குறை உண்டு. அவர் நகைப்பு வழிகாட்டியைச் சாடுகின்றதேயன்றி, அவன் எதைச் சொல்லாது விட்டான் என்று தேடவில்லை.

4. சொல்லாது விடுவது

பொதுமன்றத்தின் கிழக்கு எல்லையில் தைத்தசின் வெற்றி வளைவு உள்ளது. கி. பி. 70இல் செருசலேம் கோயிலிலிருந்து கவர்ந்த ஏழுகிளை விளக்கை வீரர் சுமந்து வரும் காட்சி அதன் உட்புறத்தில் செதுக்கப்பட்டுள்ளது. அதனை வெற்றிச் சிற்பம் என்று மட்டும் கூறி நகர்தல் வழிகாட்டிக்கு எளிது. ஆயின் தோற்றவரின் வழியினரும் அந் நகரத்தாரே ஆவர். யூதர் கி. மு. 2ஆம் நூற்றாண்டு முதலே உரோமில் வாழ்ந்து வருபவர். 1555இல் போப்பாண்டவர் நான்காம் பவுலின் ஆணையால் அவர்கள் ஆற்றங்கரையில் மதிற்சேரி ஒன்றனுள் அடைக்கப்பட்டனர். 1943 அக்டோபர் 16ஆம் நாள் செருமானியப் படையினர் அவர்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்து, அவுசுவித்சு வதைமுகாமுக்கு அனுப்பினர். உயிருடன் மீண்டோர் 16 பேர். அச் சேரி கேபிடல் குன்றிலிருந்து சில நிமிட நடைத் தொலைவே.

கொலோசியத்தை நோக்கிச் செல்லும் அகன்ற சாலையும் இவ்வாறே. அது பழைய உரோமர் அமைத்ததன்று. முசோலினி ஆட்சியில் வெலியாக் குன்றை வெட்டியும் மக்கள் குடியிருந்த தெருக்களை இடித்தும் அமைத்து, 1932இல் திறக்கப்பட்டது. குடியிருந்தோர் பலர் நகர்ப்புறத்துக்கு அகற்றப்பட்டனர். அச் சாலையில் நின்று பார்ப்பவன் பழமையைக் காண்பதாகவே எண்ணுகின்றான். அவன் காண்பது 20ஆம் நூற்றாண்டு அரசியல் ஒன்று வகுத்துக் கொடுத்த காட்சி. இதனைக் கூறாத வழிகாட்டி, தன்னை அறியாமலே அவ் வரசியலின் வாயாகின்றான்.

இவற்றால் பெறப்படும் இலக்கணம் மூன்று. இடத்தைக் காட்டுவோன் அங்கு முன்பு இருந்தோரிலிருந்து தொடங்குதல் வேண்டும். எவாந்தர் அவ்வாறு தொடங்கினான். சான்றையும் கதையையும் பிரித்துக் கூறுதல் வேண்டும். மிராபிலியா அதிற் பிழைத்தது. கேட்போரின் வினாவுக்கு இடம் தருதல் வேண்டும். டுவெயின் கண்ட வழிகாட்டி அதிற் பிழைத்தான். மூன்றனுள்ளும் முதலாவதே தலையாயது. கதையைப் பின்வரும் ஆராய்ச்சி திருத்திக்கொள்ளும். மனப்பாடத்தைக் கேட்போரின் நகையே திருத்திவிடும். முன்பு இருந்தோர் பெயரைச் சொல்லாது விட்டால், சொல்லப்படாதது உண்டு என்பதையே கேட்போர் அறியார். ஆதலின் வினவவும் மாட்டார். வெற்றி வளைவின்கீழ் நின்று தோற்றவரையும் நினைப்பிக்கும் சொல்லே உரோம் நகருக்கு உரிய சொல் எனத் துணியலாம்.