மாயாவியா, ஸ்பைடரா?

‘தோரா, ஹல்க்கா?’ என்று பிள்ளைகள் மல்லுக்கட்டினால் திட்டிய காலம் போய், வாதத்திறன் வளர்கிறது, தர்க்க அறிவு கூர்மையாகிறது என்று ஆசிரியர்களே மெச்சும் காலம் வந்திருக்கிறது. எங்கள் நெமிலி கடைத்தெருவுக்கு இந்த வாதம் புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு) கொண்டுவந்தது. அப்போதே சலூன் பெஞ்சில் ‘மாயாவியா, ஸ்பைடரா?’ ஆரம்பமாகிவிட்டது.

அதில் நல்லது இல்லாமல் இல்லை. ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் ஷிப்ட் முடித்து வருகிற பெரியவரும் ஏழாம் வகுப்புப் பையனும் சரிசமமாக உட்கார்ந்து பேச வேறு விஷயம் அதிகம் இல்லை. ஆதாரம் காட்ட வேண்டுமே என்று பழைய கதைகளைத் திரும்பப் படிக்கிறார்கள். அதுவும் நல்லதே.

‘எழுதுகிறவர் யாரை நினைக்கிறாரோ அவர்தான் ஜெயிப்பார்’ என்று ஸ்டான் லீ சொன்னதை வைத்து இந்த வாதத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது சுலபமான பதில். என் ஆட்சேபம் வேறு. ஒரு நாயகனின் பலவீனத்தை இந்த வாதம் மதிப்பெண் குறைக்கிற இடமாகப் பார்க்கிறது. கதையோ அந்தப் பலவீனத்தில்தான் உயிர் வாழ்கிறது.

மாயாவியையே பாருங்கள். 1962இல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார். அப்போதும் இரும்புக்கை மறையாது. மின்சக்தி தீரத் தீர உருவம் திரும்பிவிடும். ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கட்டங்களில் ஆளில்லாமல் ஒரு கை மட்டும் அந்தரத்தில் நீண்டு மின் இணைப்பைத் தேடுகிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ, கரண்ட் கிடைக்குமோ என்ற பதைப்புதான் நம்மைப் பக்கம் புரட்ட வைத்தது. ‘கை தெரியும், அதனால் ஸ்பைடர் வலையில் சிக்குவார்’ என்று வாதம் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

2012 வாக்கில், தமிழ்நாடே மின்வெட்டில் தவித்தபோது, இங்கே ஒரு பையன் கேட்டான்: “கரண்ட்டே இல்லாத ஊர்ல மாயாவி என்னண்ணா பண்ணுவாரு?” அருமையான கேள்வி. பேட்டரிக்கு எங்கே போவார், அந்தக் கையை யார் வீட்டில் மறைப்பார் என்று ஒரு முழுக் கதை அதற்குள் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஸ்பைடருக்கு ஒரு பாயிண்ட் என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். தர்க்கம் வளர்கிறது என்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். கற்பனை தொடங்க வேண்டிய இடத்தில் வாதம் கணக்கை முடித்துவிட்டது.

வேதாளருக்கு நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. (ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு அவர்தான் மாயாவி, அதனால் வந்த குழப்பச் சண்டைகள் தனி.) லீ ஃபாக் 1936இல் படைத்த அவருக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. தகப்பனுக்குப் பிறகு மகன் என்று இருபத்தொரு தலைமுறை அதே முகமூடியை அணிய, இவருக்குச் சாவே இல்லை என்று காடு நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் அவருடைய பலம். காட்டையும் அந்த மக்களையும் கழித்துவிட்டு வெறும் ஆளாக ஹல்க்கின் முன்னால் நிறுத்தினால் எந்தப் பட்டியலிலும் கடைசி அவர்தான். கழித்தது பட்டியல் போட்டவர். தோற்றதாகப் பெயர் வேதாளருக்கு.

பெரிய நிறுவனங்களும் இதையே செய்தன. 1996இல் மார்வலும் டிசியும் சேர்ந்து நாயகர்களை மோதவிட்டு, ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர் வாக்குக்கு விட்டன. ஸ்டார்ம் வொண்டர் வுமனை வென்றார். வென்றது வாக்கு எண்ணிக்கை. கதைக்குள் அந்த வெற்றிக்குக் காரணம் தேடினால் கிடைக்காது.

சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்த ஜெர்ரி சீகல்தான் 1960களில் ஸ்பைடர் கதைகளையும் எழுதினார். ஆக ‘சூப்பர்மேனா, ஸ்பைடரா?’ என்பது ஒரே பேனாவின் இரண்டு மனிதர்களைப் பற்றிய கேள்வி. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு வந்தவர் ஸ்பைடர். பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடினார். அந்த ஆணவக்காரர் ஏன் திரும்பினார், திரும்பிய பிறகும் ஆணவம் ஏன் போகவில்லை என்று பேச ஒரு ராத்திரி போதாது. எங்கள் பெஞ்சில் அவருடைய வலைத்துப்பாக்கி எத்தனை அடி பாயும் என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்ந்ததில்லை.