சீட்டுக் காசு யாருக்குச் சேர வேண்டும்?

செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில், விடுமுறைக் காலைகளில் முட்டை வேகவைக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம். ஊற்றில் சுமார் 70 டிகிரி வெப்பத்தில் வரும் நீரைப் பாத்திரத்தில் பிடித்து, முட்டைகளைப் போட்டு மூடிவைத்துக் குடும்பங்கள் காத்திருக்கும். அதே நீர் படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறி, 40 டிகிரி அளவுக்கு வந்ததும் முதியவர்கள் கால் நனைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. 1909-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த ஊற்று இது. ஒரு காலத்தில் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் இந்த நீரைப் போத்தலில் அடைத்து விற்றது. பின்னாளில் ராணுவ முகாம் நிலத்துக்குள் அடங்கியிருந்த ஊற்றை, தேசியப் பூங்காக் கழகம் வட்டாரவாசிகளிடம் கருத்துக் கேட்டு, 1.1 ஹெக்டர் பூங்காவாக்கி 2020 ஜனவரியில் திறந்தது.

சிங்கப்பூரில் ஊராட்சி, பிரதேச சபை போன்ற அமைப்பு இல்லை. நகர மன்றங்களின் பொறுப்பு வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புப் பேட்டைகளோடு நின்றுவிடுகிறது. பூங்காவைத் திட்டமிடுவதும் பராமரிப்பதும் ஒரே கழகம். பணம் அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இதே போன்ற நீர்த்தலங்களின் கதை வேறு.

திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சூடு சற்றே மாறுபடும். இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்த இடம் என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டி என்னும் ஈமக் கிரியைக்கு மக்கள் அங்கே வருகிறார்கள். கிணறுகளை முன்பு பராமரித்தது உப்புவெளிப் பிரதேச சபை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவை தொல்பொருள் திணைக்களத்தின் வசமாயின. சபைக்கு வந்துகொண்டிருந்த வருமானமும் அத்தோடு நின்றது. அங்கிருந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் பௌத்த விகாரை எழுப்ப முயற்சி நடந்தபோது, 2019 ஜூலையில் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அந்தக் கட்டுமானத்துக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஊரின் கையில் நிர்வாகம் இல்லாதபோது, ஊர் தன் உரிமையைத் தெருவிலும் நீதிமன்றத்திலும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகத்தைப் போலவே நிதி ஏற்பாடும் ஊரின் கையில் இல்லை. இலங்கையில், சுற்றுலாத் துறையில் பதிவான தொழில்கள் தம் விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகச் செலுத்துகின்றன. அந்தப் பணம் சேர்வது கொழும்பிலுள்ள நிதியத்தில். குப்பை அள்ளுவதோ பிரதேச சபையின் வேலை.

தமிழ்நாட்டின் குற்றாலத்தில் நிலைமை நேர்மாறு. பேரருவியைப் பேரூராட்சியும் பழைய குற்றால அருவியை ஆயிரப்பேரி ஊராட்சியும் பார்த்துக்கொள்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் சாரல் காலத்தில் வாகனக் கட்டணமும் கடைக் குத்தகையும்தான் அவற்றின் பெரும் வருவாய். காசு ஊருக்குள்ளேயே சேர்கிறது. ஆனால் அது அருவிக்கே திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. பொதுக் கணக்கில் கலந்தபின் தெருவிளக்கும் சம்பளமும் முந்திக்கொள்கின்றன. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துச் சென்றது. வெள்ள எச்சரிக்கைக்கும் காவலுக்கும் பணம் தனியே இருந்தாக வேண்டும் என்பதை அந்த உயிரிழப்பு உணர்த்தியது. அதன்பின், அருவியை வனத்துறையிடம் ஒப்படைக்கும் பேச்சு எழுந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள்.

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இலங்கையில் உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2025 மே 6-இல்தான் நடந்தது. தமிழ்நாட்டில் 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின், குற்றாலம் அமைந்துள்ள தென்காசிப் பகுதி ஊராட்சிகளுக்கு 2021-இலும் பேரூராட்சிகளுக்கு 2022-இலும்தான் தேர்தல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கணக்குக் கேட்க மக்களுக்குத் தங்கள் பிரதிநிதி இல்லை.

சிங்கப்பூரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு: பராமரிப்புக்கு நிச்சயமான பணம், வேலை தொடங்கும் முன்பே ஊரைக் கேட்கும் பழக்கம். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அமைப்பு என்னும் செல்வமோ இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஏற்கெனவே உண்டு. அதைப் பறிப்பது தீர்வாகாது. கன்னியாவின் நிர்வாகத்தில் பிரதேச சபைக்கு மீண்டும் இடம் வேண்டும். சுற்றுலா வரியில் ஒரு பங்கு அந்தந்தச் சபைக்கு வர வேண்டும். குற்றாலத்தில் அருவி வருவாய்க்குத் தனிக் கணக்குத் தொடங்கி, அதில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும்; அந்தக் கணக்கை ஆண்டுதோறும் ஊர் மக்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை. வசூலாகும் காசு, வசூலாகும் இடத்துக்கே திரும்பினால் போதும்.