ஐஸ்லாந்தும் அதன் விருந்தினரும்

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டினாற்போல் கிடக்கும் ஐஸ்லாந்து, பனியாறுகளும் எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும் நிறைந்த விசித்திரமான பூமி என்பது ஐரோப்பியர் நெடுங்காலமாக அறிந்த செய்தியே. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ் 1871ஆம் ஆண்டிலும் 1873ஆம் ஆண்டிலும் அங்கே யாத்திரை செய்தார். கவிஞர் ஆடன் 1936ஆம் ஆண்டில் சென்று வந்து, நண்பர் மாக்நீஸுடன் சேர்ந்து ஒரு பிரயாண நூலே இயற்றினார். ஆயினும், 2010ஆம் ஆண்டில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பிரயாணிகளே நாடிச் சென்ற அத்தீவுக்கு, 2018ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 லட்சம் பேர் சென்றார்கள். தேசத்தின் ஜனத்தொகையோ அப்போது சுமார் மூன்றரை லட்சம். எட்டே ஆண்டுகளில் மலையும் அருவியும் மாறியிருக்க நியாயமில்லை. ஆகையால் இக்கீர்த்திக்குக் காரணத்தை இயற்கையின் அழகில் மட்டும் தேடுவோர் பாதி விடையைத்தான் பெறுவார்கள்.

மீதிப் பாதி, வழியிலும் விலையிலும் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம் அமைத்த கெஃப்லாவிக் விமான நிலையம், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இயற்கையாகவே ஒரு தங்குமிடமாக வாய்த்தது. லோஃப்ட்லெய்டிர் என்னும் ஐஸ்லாந்து விமானக் கம்பெனி, பெரிய கம்பெனிகளின் கட்டண உடன்பாட்டில் சேராமல், சற்று மெதுவான விமானங்களில், மிகக் குறைந்த கட்டணத்துக்கு லக்ஸம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு ஜனங்களை ஏற்றிச் சென்றது. மாணவர்களும் கையில் காசு குறைந்த வாலிபர்களும் அதனை ஆவலோடு நாடினார்கள். வழியில் இரண்டொரு நாள் இறங்கித் தீவைப் பார்த்துப் போகலாம் என்ற ஏற்பாடும் 1960களிலேயே தோன்றிவிட்டது. பின்னாளில் பெருகிய கூட்டத்துக்கு விதை அங்கேதான் ஊன்றப்பட்டது.

அவ்விதை முளைத்ததோ ஆபத்துக் காலத்தில். 2008ஆம் ஆண்டு அக்டோபரில் தேசத்தின் மூன்று பெரிய பாங்குகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. குரோனா நாணயத்தின் மதிப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று. அதுவரை செல்வர்க்கே உரிய நாடாக இருந்தது அந்நியர்களுக்குத் திடீரென்று எட்டும் விலையில் வந்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் எய்யாஃபியாட்லாயோகுட் எரிமலை கக்கிய சாம்பல் ஐரோப்பிய வானத்தையே பல நாட்கள் மூடிவைக்க, இனி யார் இங்கே வருவார்கள் என்று அஞ்சிய அரசாங்கமும் வியாபாரிகளும் ஒன்றுசேர்ந்து, குடிமக்களே தம் நாட்டை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் ஒரு பெரும் பிரசாரத்தைத் தொடங்கினார்கள். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் எரிமலையைக் கண்டு திகைத்த கண்களுக்கு அப்பிரசாரம் ஓர் அழைப்பாகவே அமைந்தது. பின்னர் சினிமாவும் சேர்ந்துகொண்டது. 2015ஆம் ஆண்டில் வெளியான 'தில்வாலே' ஹிந்திப் படத்தில், ஷாருக் கானும் கஜோலும் கறுப்பு மணற்கரையில் ஆடிப் பாடியதை நம் நாட்டாரும் கண்டிருப்பார்கள்.

இம்முயற்சியின் நற்பலனைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். வேலையின்றி நார்வேக்குப் புலம்பெயர்ந்துகொண்டிருந்த வாலிபர்களின் தேசத்துக்கு அது ஜீவனம் அளித்தது. அந்நியச் செலாவணி ஈட்டுவதில், தலைமுறை தலைமுறையாக முதலிடம் வகித்த மீன் தொழிலையே சுற்றுலா 2013ஆம் ஆண்டில் விஞ்சியது. கோடையோடு கதவடைத்த விடுதிகள், வடதுருவ ஒளியைக் காண வருவோருக்காக மாரிக்காலத்திலும் விளக்கேற்றின. கடன்பட்டு நின்ற ஒரு சிறு சமூகம் இவ்வளவு விரைவில் நிமிர்ந்ததை நான் மெய்யாகவே வியக்கிறேன்.

ஆனால் அழைத்தவர்கள், வருவோரைத் தாங்கும் ஏற்பாட்டை அதே வேகத்தில் செய்யவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. வந்தவர்களில் பெரும்பாலோர் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய குல்ஃபோஸ் அருவி, கெய்சிர் ஊற்று, 930ஆம் ஆண்டில் அந்நாட்டின் பழைய சட்டசபை கூடிய திங்வெட்லிர் சமவெளி என்னும் சில இடங்களிலேயே குவிந்தார்கள். ஃபியாத்ரார்கில்யூஃபுர் என்னும் பள்ளத்தாக்கு, ஜஸ்டின் பீபரின் 2015ஆம் ஆண்டுப் பாடற்படத்தில் இடம்பெற்றபின், மிதிபட்டுச் சேறாகி, 2019ஆம் ஆண்டில் மூடப்பட நேர்ந்தது. அங்குள்ள பாசி ஒருமுறை சிதைந்தால் மீண்டும் படரப் பல பத்தாண்டுகள் ஆகும். ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில், எதிர்பாராது பாயும் அலைகள் பிரயாணிகளின் உயிரைப் பறித்திருக்கின்றன. இப்படி அபாயத்தில் சிக்குவோரைத் தேடிச் செல்பவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். அவர்களுடைய சங்கத்தின் செலவுக்கு, புத்தாண்டில் ஊரார் வாங்கும் வாணவெடிகளின் வருமானமே பெரிய ஆதாரம். வருவோரால் வரும் லாபம் விமானக் கம்பெனிக்கும் விடுதிக்கும் போக, அவர்களைக் காக்கும் பாரம் உள்ளூர்க் குடும்பங்களின் தோளில் ஏறியது.

இவ்விஷயத்தில் என் மனத்தை உறுத்துவது ஒரு முரண்பாடு. நீலநிற வெந்நீர்க் குளமாக உலகமெங்கும் புகழ்பெற்ற 'புளூ லகூன்' இயற்கைத் தடாகமே அன்று; ஸ்வார்ட்ஸெங்கி மின்நிலையம் வெளியேற்றிய நீர் எரிமலைப் பாறைக்கிடையே தேங்கியதால் உண்டானது. அதற்கு உயர்ந்த கட்டணமும் முன்பதிவும் உண்டு. அதனால் கூட்டம் கட்டுக்குள் இருக்கிறது. உண்மையான இயற்கை அற்புதங்களோ யாரும் எப்போதும் நுழையத் திறந்தே கிடந்தன. 2014ஆம் ஆண்டில் கெய்சிரின் நில உடைமையாளர் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியபோது நீதிமன்றம் தடுத்தது. எல்லாத் தலங்களுக்கும் பொதுவாக ஒரு நுழைவுச் சீட்டு வேண்டும் என்ற மசோதாவும் மறு ஆண்டில் கைவிடப்பட்டது. திறந்த நிலத்தில் எவரும் நடக்கலாம் என்பது அந்நாட்டின் பழைய உரிமை. அதனை ஜனங்கள் விட்டுக்கொடுக்க மறுத்ததை நான் மதிக்கிறேன். எனினும், சிறு ஜனத்தொகையின் காலடிக்கென ஏற்பட்ட உரிமை, ஆண்டுக்கு இருபது லட்சம் பேரின் காலடிக்கும் பொருந்துமா என்ற விசாரணையைத் தள்ளிப்போட்டது பிழை.

விலையால் வந்த கூட்டம் விலையோடு போகும் என்பதையும் அனுபவம் காட்டியது. மலிவுக் கட்டணத்தால் பெருவாரியான ஜனங்களைக் கொண்டுவந்த 'வாவ் ஏர்' கம்பெனி 2019ஆம் ஆண்டு மார்ச்சில் ஓய்ந்ததும், அவ்வாண்டு வருகை சுமார் 20 லட்சமாகக் குறைந்தது. வளம் பெருகிய காலத்திலேயே பராமரிப்புக்கு வேண்டிய பணத்தைத் திரட்டியிருக்க வேண்டும். கருவியும் கையில் இருந்தது. 2011ஆம் ஆண்டில் சுற்றுலாத் தலங்களுக்கென ஒரு நிதி ஏற்பட்டது. 2012ஆம் ஆண்டில், அறைக்கு ஓர் இரவுக்கு 100 குரோனா என்று தங்கும் வரியும் விதிக்கப்பட்டது. வருகை மும்மடங்குக்கு மேல் பெருகிய பிறகே, 2017ஆம் ஆண்டில், அவ்வரி 300 குரோனாவாக உயர்ந்தது.