மறையும் நகைச்சுவைத் தொடர்கள்: ஏடும் பாடமும் பயிற்சியும்

‘மறைந்தது’ என்னும் சொல்லை இலக்கிய வரலாறு எழுதுவோர் ஒரு பொருளிலேயே ஆள்வதில்லை. ஏடே இல்லாமல் ஒழிந்த நூலையும் மறைந்தது என்பர். ஏடு இருந்தும் பாடம் சிதைந்த நூலையும் அவ்வாறே சொல்வர். ஏடும் பாடமும் செம்மையாக இருந்தும் கற்பாரின்றிக் கிடக்கும் நூலையும் அச்சொல்லாலேயே குறிப்பர். இம்மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றன் காரணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒன்றற்குச் சொல்லும் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. ஓலைச் சுவடிகளோடு பழகிய நம்மனோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி எழுந்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பல, ஒளிபரப்பு நிரலினின்றும் நீங்கிவிட்டன. அது கண்டு வருந்துவாரும் உளர். நீங்கியதே நன்று என்பாரும் உளர். இரு சாராரும் மேற்கூறிய மூன்றனையும் பிரித்துணராமல் வழக்காடுகின்றனர் என்பது நம் கருத்து. தொலைக்காட்சித் தொடர் தமிழாய்வார் கைக்கொள்ளத் தக்கதோ எனின், தக்கதே என்போம். அது நாடகத்தின்பாற் பட்டது. மெய்ப்பாடு எட்டனுள் தொல்காப்பியர் முதற்கண் வைத்து எண்ணியது நகையே அன்றோ?

1. ஏட்டின் அழிவு

பி.பி.சி. 1946-47ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பிய ‘பின்ரைட்ஸ் ப்ராக்ரஸ்’ என்பதனைத் தொலைக்காட்சிக்கென எழுந்த முதல் நகைச்சுவைத் தொடராகக் கூறுவர். அது நேரலையாக நடிக்கப் பெற்றது; அதன் பதிவு ஒன்றும் இன்றில்லை. ஏடே எழுதப் பெறாத நூல் அது எனலாம். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யின் நிலை வேறு. லூசில் பாலும் அவர்தம் கணவர் டெசி ஆர்னசும் அதனை மூன்று ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு படச்சுருளில் எடுக்கச் செய்தனர். படச்சுருள் நிலைத்தது, ஆதலின் மறு ஒளிபரப்பு என்னும் வழக்கமும் நிலைத்தது. ஒரு தொடரின் பிற்கால வாழ்வை அதன் சுவைக்கு முன்னரே அதன் ஏடு முடிவு செய்கின்றது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

ஒளிப்பதிவு நாடா வந்த பின்னர் அழிவு குறைந்திருக்கலாம் என்று கருதத் தோன்றும். நடந்தது அதற்கு மாறு. நாடா விலை மிக்கது. ஒருமுறை பதிந்ததை அழித்து மீண்டும் பதியத் தக்கது. நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாடுகளும் மறு ஒளிபரப்பை வரையறுத்தன. மீண்டும் காட்ட இயலாததைக் காப்பது வீண் செலவு என எண்ணினர். 1978ஆம் ஆண்டளவில் நிலையான காப்பகக் கொள்கையினைப் பி.பி.சி. மேற்கொள்ளும் வரை அழிப்பு தொடர்ந்தது. ‘டாட்ஸ் ஆர்மி’ 1968 முதல் 1977 வரை நிகழ்ந்த தொடர். 80 பகுதிகள் உடையது. 1969இல் வந்த இரண்டாம் தொகுதியுள் ஐந்து பகுதிகள் நெடுநாள் கிடைக்காமல் இருந்தன. 2001இல் இரண்டு கிடைத்தன. எஞ்சிய மூன்றும் கிடைத்தில. அவற்றின் எழுத்துப்படி இருந்தமையின், 2019இல் வேறு நடிகரைக் கொண்டு அம்மூன்றனையும் மீண்டும் நடித்துக் காட்டினர். ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்னும் தொடரில் 1970இல் வண்ணத்தில் எடுக்கப் பெற்ற பகுதிகளுட் பெரும்பாலானவை, அதன் ஆசிரியர்களாகிய கால்ட்டனும் சிம்சனும் தமக்கென எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படிகளாலேயே இன்று அறியப்படுகின்றன.

இவற்றைப் படிக்குங்கால் நமக்குத் தகடூர் யாத்திரை நினைவிற்கு வருதல் இயல்பே. முழு நூல் போயிற்று. புறத்திரட்டு காத்த பாடல்கள் சில எஞ்சின. அழிந்ததற்கு வருந்தலாம். ஆயின் இவ்வழிவு எவருடைய இலக்கியத் தீர்ப்பாலும் நேர்ந்ததன்று. கணக்கர் தீர்ப்பால் நேர்ந்தது. ‘காலத்தால் தகுதி இழந்தவை மறைந்தன’ என்பாரின் கூற்று இவற்றைப் பொறுத்தவரை பொருந்தாது என்பது தெளிவு.

2. பாடத்தின் சிதைவு

நிரலில் இடம் பெற்றிருக்கும் தொடரும் மறைந்திருத்தல் கூடும். இது முன்னையதினும் நுண்ணியது. ஆதலின் பலரும் இதனைக் கருதுவதில்லை.

தொடக்க காலத்து அமெரிக்க அரைமணித் தொடரின் ஒரு பகுதி ஏறத்தாழ 25 நிமிடம் ஓடிற்று. பின்னர் விளம்பரம் பெருகப் பெருக, அது 22 நிமிட அளவிற்குச் சுருங்கியது. பழைய தொடரைப் புதிய அளவினுள் அடக்க வேண்டுமாயின், சில காட்சிகளை வெட்டுதல் வேண்டும்; அல்லது ஓட்டத்தை விரைவுபடுத்துதல் வேண்டும். இரண்டும் செய்யப் பெற்றன. நகைச்சுவையில் இடைவெளி என்பது சொல்லின் ஒரு கூறு. நடிகர் ஒருவர் ஒரு நொடி பேசாது நிற்கும் நிலையைச் சுருக்கினால், சொல் அனைத்தும் இருந்தும் நகை இராது.

‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ (1978-1982) ஒரு வானொலி நிலையத்தைக் களனாக உடையது. அங்கு ஒலிக்கும் பாடல்கள் கதையோடும் நகையோடும் பிணைந்தவை. அப்பாடல்களுக்குப் பெற்ற உரிமை குறுகிய காலத்தது. உரிமை கழிந்தபின் பெயரறியா இசையை அவ்விடங்களிற் பெய்து தொடரை ஒளிபரப்பினர். 2014இல் வெளிவந்த வட்டுத் தொகுப்பிலேயே மூலப் பாடல்களுட் பெரும்பாலானவை மீண்டன. மற்றொன்று கூறுவோம். ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஒரு பகுதியின் கதை, சாலையில் உள்ள ஒரு குழியைப் பற்றியது. அதன் பெயரும் குழி என்பதே. 2021இல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் அத்தொடர் வந்தபோது, அகன்ற திரைக்கு ஏற்பப் படத்தின் மேலும் கீழும் நறுக்கப் பெற்றன. ஒரு காட்சியில் குழியே திரைக்கு வெளியே போயிற்று. குழியைச் சுட்டிப் பேசுவார் உளர், குழி இல்லை!

பதிப்பாசிரியர்கள் இடைச்செருகலுக்கு அஞ்சுவர். ஈண்டு அஞ்சத் தக்கது இடைநீக்கம். செருகியதை நடையால் கண்டு விலக்கலாம். நீக்கியதை மூலத்தோடு ஒப்பிடாமல் காண்டல் அரிது. பார்ப்பவர் தாம் முழுமையையும் கண்டதாகவே எண்ணி எழுவர். பின்னர், ‘இதையா சிறந்தது என்றார்கள்?’ என்று வினவுவர். அவ்வினாவிற்கு உரியது தொடரன்று, அதன் சிதைந்த பாடமே.

3. பயிற்சியின் நீக்கம்

மூன்றாவது, ஏடும் பாடமும் இருந்தும் ஒளிபரப்பப் பெறாமை. இதற்குக் காரணம் இரண்டு: வாணிகம் ஒன்று, ஒழுக்கத் தீர்ப்பு மற்றொன்று.

விளம்பரத்தால் வாழும் நிலையம் விற்பது நிகழ்ச்சியை அன்று; காண்போரை. 1971ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க சி.பி.எஸ். நிறுவனம் ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ முதலிய நாட்டுப்புறத் தொடர்களை ஒருசேர நிறுத்தியது. அவற்றைக் காண்பார் பலர் இருந்தனர். ஆயின் அவர் விளம்பரம் தருவோர் நாடிய நகர்ப்புற இளையர் அல்லர். மறு ஒளிபரப்பிற்கும் இவ்வளவுகோலே பெரிதும் பொருந்தும். இக்காலத்தே பெயர் பெற்ற தொடர்கள் கட்டணத் தளங்களின் உடைமையாகி, ஒன்றை விட்டு ஒன்றுக்குப் பெயர்கின்றன. ‘ஃப்ரெண்ட்ஸ்’ 2020இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸை விட்டு நீங்கி, அவ்வாண்டிலேயே எச்.பி.ஓ. மேக்ஸ் என்னும் தளத்தை அடைந்தது.

‘தளத்தில் கிடைக்கும்போது நிரலில் இல்லாமை இழப்பாகுமோ?’ என வினவலாம். ஆகும். நிரலுக்கு ஒரு தனிப் பண்பு உண்டு; அது தேடாமற் காணச் செய்வது. மாலையில் வேறொன்றை எண்ணித் தொலைக்காட்சியைத் திறந்த சிறுவன், தான் பிறப்பதற்கு முன் எடுத்த தொடர் ஒன்றைக் கண்டு தந்தையோடு சேர்ந்து நகுவான். தளமோ அறிந்தோர்க்கு அறிந்ததையே காட்டும். பெயர் தெரிந்தால் தேடலாம். பெயரைத் தெரிவிப்பது எது? கற்பாரைத் தானே தேடிச் செல்லும் ஆற்றலை ஒரு நூல் இழக்குமாயின், அது நூலகத்தில் இருந்தும் வழக்கொழிந்ததே ஆகும்.

4. தீர்ப்பும் நகையும்

இனி ஒழுக்கத் தீர்ப்பால் நீங்கியவற்றைக் காண்போம். இவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. ‘தி காஸ்பி ஷோ’ (1984-1992) 2014 முதல் நிலையங்கள் சிலவற்றின் நிரலினின்றும் நீக்கப் பெற்றது. அதற்குக் காரணம் நடிகர்மேல் எழுந்த குற்றச்சாட்டுகள். 2018இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2021இல் பென்சில்வேனிய உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. ஈண்டு வினா ஆசிரியனைப் பற்றியது, நூலைப் பற்றியதன்று. நாம் ஆராய்வது நூலிலேயே குற்றம் காணப் பெற்றவற்றை.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார். எள்ளல் அவற்றுள் ஒன்று. ஏனைய இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளல் தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என உரையாசிரியர் பகுத்துக் காட்டுவர். லூசியின் நகை பெரிதும் இளமையாலும் மடனாலும் ஆயது. ‘டாட்ஸ் ஆர்மி’யின் தலைவர் மேன்வேரிங்கின் நகை, தன் பேதைமையைத் தான் அறியாத பெருமிதத்தால் வருவது. இவை காலத்தை எளிதிற் கடக்கின்றன. பிறரை எள்ளுதலால் பிறக்கும் நகையே காலத்தாற் பெரிதும் தாக்குண்கின்றது. ஏனெனின், எள்ளப்பட்டவர் இன்று அவையிலே அமர்ந்துள்ளார்.

ஆயின், எள்ளப்படுபவர் யாவர் என்பதனைத் துணிதல் எளிதன்று. ‘ஆல் இன் தி ஃபேமிலி’ (1971-1979) இனவெறுப்புடைய ஆர்ச்சி பங்கரை எள்ளுதற்கென எழுந்தது. 1974இல் நீல் விட்மார், மில்ட்டன் ரோக்கீச் ஆகிய இருவரும் செய்த ஆய்வோ, வெறுப்புணர்வு மிக்கோர் ஆர்ச்சியைப் பெரிதும் விரும்பினர் என்று காட்டிற்று. ஆசிரியன் குறிப்பு ஒன்று. அவையின் நகை மற்றொன்று.

‘இட் ஏய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ (1974-1981) நமக்கு நெருங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது மராட்டிய நாட்டுத் தேவ்லாலி முகாமைக் களனாக உடையது. எழுதிய இருவருள் ஜிம்மி பெர்ரி அம்முகாமில் இருந்தவர். ரங்கிராம் என்னும் இந்தியப் பணியாளராக நடித்த மைக்கேல் பேட்ஸ் ஜான்சியிற் பிறந்த ஆங்கிலேயர்; முகத்திற்குக் கருநிறம் பூசி நடித்தார். பி.பி.சி. இதனை நெடுங்காலமாக மறு ஒளிபரப்புச் செய்ததில்லை. எள்ளப்படுவோர் வெள்ளை அலுவலரே என்று அதனைக் காப்போர் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயின் ரங்கிராம் தன்னையும் ஆங்கிலேயருள் ஒருவராக எண்ணிப் பேசுமிடத்து எழும் நகை இருமுனை உடையது: ஆட்சியின் பொய்ம்மையையும் எள்ளும், ஆளப்பட்டவன் ஆசையையும் எள்ளும். முதல் முனை கூரியது. இரண்டாவதை முகத்துப் பூச்சு இன்னும் கூரியதாக்கிற்று. இத்தொடர் குற்றமுடையது என்பதே நம் தீர்ப்பு. எனினும், எள்ளப்பட்டோர்க்கு அவ்வெள்ளலைக் கண்டு ஆராயும் உரிமை உண்டு. நம்மைக் காக்கும் பொருட்டு நம்மிடமிருந்தே மறைத்தல் என்பது பழைய ஆட்சியின் மனப்பான்மைக்கு மிகவும் அயலானதன்று.

‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரினை, அயலாரை ஒரே வார்ப்பில் காட்டுகின்றது எனக் கருதி, லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சியின் மைக்கேல் கிரேட் நிறுத்தினார். அவர் கருத்து தவறன்று. ஆனால் அத்தொடர் இந்தியாவிலும் இலங்கையிலும் விரும்பிக் காணப் பெற்றது. 1993இல் ‘ஜபான் சம்பால்கே’ என இந்தியில் அதன் வழிநூலும் தோன்றிற்று. அதில் மாணாக்கர் கற்றது இந்தி. எள்ளப்பட்டோரே அவ்வடிவத்தைக் கைக்கொண்டு தம் நாட்டு மொழி வேற்றுமையைப் பாடுபொருளாக்கினர். மூலம் கிடைத்தமையால் அன்றோ வழிநூல் பிறந்தது?

வெட்டுதலின் தீமைக்கு ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ சான்று. அதன் ‘தி ஜெர்மன்ஸ்’ என்னும் பகுதியில் முதிய மேஜர் ஒருவர் இனவெறுப்புச் சொற்களைப் பேசுவார். 2013இல் பி.பி.சி. அச்சொற்களை வெட்டி ஒளிபரப்பியது. விளைவு யாது? வெறுப்புடைய மேஜர், மறதி மிக்க இனிய கிழவராயினார். எள்ளலுக்குரிய குற்றம் போயிற்று, குற்றமுடையார் தூயராயினர். 2020 சூன் திங்களில் யூ.கே.டி.வி. அப்பகுதியை முற்றிலும் நீக்கிச் சில நாட்களிலேயே எச்சரிக்கைக் குறிப்போடு மீண்டும் வைத்தது. பின்னையதே நெறி. அக்குறிப்பு, வளருமாயின், உரையாகும்.

5. முடிவு

எவருடைய தொடர்க்கும் மாலை ஏழு மணி உரிமையன்று. நிரல் என்பது தொகுப்பு; தொகுப்போன் விடுத்தலும் கொள்ளலும் செய்வான். ஒரு சொல்லால் புண்படுவோர் இல்லத்தினுள் அச்சொல் அறிவிப்பின்றிப் புகுதலும் நன்றன்று. இவற்றை உடன்படுகின்றோம். உடன்படாதது, விடுத்தலை அழித்தலாகவும் வெட்டுதலைப் பதிப்பாகவும் ஆக்குவதனை.

ஏட்டின் அழிவிற்கு மருந்து காப்பகம். பாடச் சிதைவிற்கு மருந்து, வெட்டியது யாது, எவ்விடத்து என்று காண்போர்க்குத் தெரிவித்து, முழுப் பாடத்தையும் கிடைக்கச் செய்தல். பயிற்சி நீக்கத்திற்கு மருந்து உரை. காலம் கடந்த சொல்லையும் வழக்கையும் நம் உரையாசிரியர்கள் விளக்கினர். ஏட்டினின்று சுரண்டி எறிந்தாரல்லர். ஒரு தலைமுறை எதற்கு நகைத்தது என்பதனை அடுத்த தலைமுறை அறியாதொழியின், தான் எதற்கு நகைக்கின்றது என்பதனை ஆராயும் அளவுகோலையும் அது இழக்கும்.