இறக்கிவிட்டுப் போன கப்பல்

நேதாஜியின் பிறந்தநாள் மேடைகளில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1943 ஏப்ரலில், மடகாஸ்கருக்கு அருகே கொந்தளித்த கடலில், யூ-180 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் மிதவையில் ஏறி, ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக்கு அவர் மாறினார். உடன் சென்றவர் ஆபித் ஹசன். கைதட்டலுக்குரிய கதைதான். ஜப்பானியரை எதிர்த்து உளவு பார்த்த லிம் போ செங்கின் கதையைச் சிங்கப்பூர்க்காரர்கள் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். நம் மலேசியக் கடற்படையினர் பயிற்சி பெற்ற பிரெஞ்சு நீர்மூழ்கி ‘ஊசான்’ இன்று மலாக்கா கிளேபாங் கரையில் காட்சிப்பொருள். இவையெல்லாம் சேர்ந்து ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டன: உளவுப் போருக்கு நீர்மூழ்கியைவிடச் சிறந்த கருவி இல்லை என்று. அந்த எண்ணம் தவறு. அதைக் காட்டப் பேராக் கடற்கரை ஒன்றே போதும்.

கப்பல்களை மூழ்கடிக்க நீர்மூழ்கி வலிமையான ஆயுதம் என்பதில் மறுப்பில்லை. 1944 ஜனவரியில் பினாங்கு அருகே ‘டாலி-ஹோ’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஜப்பானின் ‘கூமா’ போர்க்கப்பலை வீழ்த்தியது. 1943இல் இலங்கையிலிருந்து, ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவுக்கு ஆள் அனுப்பப் பிரிட்டிஷாருக்கு வேறு நம்பகமான வழியும் இல்லை. இரண்டையும் ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

1943 மே மாதம், பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸும் ஐந்து சீன உளவாளிகளும் ஓ-24 என்ற டச்சு நீர்மூழ்கியில் பேராக் கரைக்கு வந்தார்கள். கப்பல் கரையை நெருங்க முடியாது. இரவில் மேலே வந்து, மடக்குத் துணிப்படகுகளை இறக்கி, ஆட்களை அனுப்பிவிட்டு, விடிவதற்குள் ஆழத்துக்குப் போய்விட வேண்டும். அந்த ஆழமும் மலாக்கா நீரிணையில் அரிது. கஸ்டாவஸ் என்று பெயரிட்ட இந்தத் திட்டத்தில் டேவிஸின் சகா ரிச்சர்ட் புரூமும், அதே ஆண்டு நவம்பரில் லிம் போ செங்கும் பின்தொடர்ந்து வந்தார்கள். ஈப்போவில் ஒரு கடை, பங்கோரில் மீன் வியாபாரம் என்ற போர்வையில் உளவு வலை விரிந்தது. டிசம்பர் இறுதியில் பீடோர் மலைக்காட்டில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுடன் உடன்படிக்கையும் ஆயிற்று. கெரில்லாக்கள் தரப்பில் பேச்சில் கலந்துகொண்டவர்களில் சித்தியவான்காரரான சின் பெங்கும் ஒருவர்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தினால் நீர்மூழ்கிக்கு வெற்றிதான். பாராட்டுகிறவர்கள் அனைவரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். கரையில் இருந்தவர்கள் கப்பலைத் தொடர்புகொள்ள, குறித்த நாள் இரவில், குறித்த இடத்துக்குத் தொங்கான் படகு ஒன்று போக வேண்டும். கப்பலும் வர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் இருட்டில் அடையாளம் காண வேண்டும். காற்று மாறினாலும், ரோந்துப் படகு ஒன்று குறுக்கிட்டாலும், அன்றைய சந்திப்பு போயிற்று. அடுத்ததுவரை காத்திருக்க வேண்டியதுதான். 1944 ஜனவரிக்குப் பின் சந்திப்புகள் கைகூடவில்லை. கொண்டுவந்த கம்பியில்லாத் தந்திக் கருவியோ மலையேற்ற முடியாத கனம். அது கரையோரப் பகுதியிலேயே மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆக, காட்டுக்குள் இருந்தவர்களுக்கு வாயும் இல்லை, செவியும் இல்லை. இலங்கையுடன் அவர்கள் பேசியது 1945 பிப்ரவரியில்தான். ஓராண்டுக்கு மேல் ஒரு சொல்கூட அனுப்ப முடியாத உளவுப் பணியை எப்படி வெற்றி என்று எழுதுகிறார்கள்?

பணமும் தீர்ந்தது. கையில் காசு இல்லாத நிலையில், 1944 மார்ச்சில் லிம் போ செங் காட்டைவிட்டு இறங்கி ஈப்போ பக்கம் வந்தார். அதே வாரங்களில் ஜப்பானியர் பங்கோரிலும் ஈப்போவிலும் வலையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். கோப்பெங் அருகே அவர் பிடிபட்டார். பத்து காஜா சிறையில் சித்திரவதை, பிறகு வயிற்றுக்கடுப்பு. 1944 ஜூன் 29 அன்று, 35 வயதில் இறந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று எழுதியவர்கள் பலர். அவர் ஏன் மலையிலிருந்து இறங்க நேர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கொண்டுவந்து இறக்கிய கப்பலால் திரும்பி வந்து பணமும் மருந்தும் தர முடிந்திருந்தால், அந்தப் பயணத்துக்கே தேவை இருந்திருக்காது.

எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். நம் ஆட்களும் அதில் சிக்கினார்கள். 1942 செப்டம்பரில் பினாங்கில் பயிற்சி பெற்ற இந்தியர்களை ஜப்பானிய நீர்மூழ்கி மலபார்க் கரையில் தானூர் அருகே இறக்கிவிட்டது. அவர்கள் விரைவிலேயே பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான, மலாயாவில் வேலை பார்த்த வக்கம் அப்துல் காதர் உட்பட நான்கு பேர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நேதாஜியின் பயணத்துக்குக் கைதட்டும் மேடைகளில் இந்த நால்வரின் பெயர் எத்தனை முறை கேட்டிருக்கிறது? நேதாஜியைக் கரையில் வரவேற்க ஓர் அரசும் ஒரு படையும் காத்திருந்தன. இவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நீர்மூழ்கியின் மறைவு நீர்மட்டத்தோடு முடிகிறது. கரையேறியவனுக்கு அதில் பங்கில்லை. விலகி நிற்பதே கப்பலுக்குப் பாதுகாப்பு. அந்த விலகலே அதன் அறியாமைக்கும் காரணம். 1944 செப்டம்பர் 18 அன்று சுமத்திராவின் மேற்குக் கரையில் ‘டிரேட்விண்ட்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி, பெரிஸ்கோப்பில் ஒரு ஜப்பானியச் சரக்குக் கப்பலைக் கண்டு டார்பிடோ ஏவியது. அது ‘ஜுன்யோ மாரு’. உள்ளே இருந்தவர்கள் போர்க்கைதிகளும், ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்ட ஜாவா கூலிகளும். 5,000க்கும் அதிகமானோர் மடிந்தார்கள். சயாம் மரண ரயிலுக்கு ஆள் கொடுத்த பேராக் தோட்டக் குடும்பங்களுக்கு அந்தக் கப்பலின் அடித்தட்டில் எப்படிப்பட்ட மனிதர்கள் அடைபட்டிருந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. சுட்டவர்களுக்கு அது தெரியாது. ஒரு கப்பலின் உருவத்தையும் கொடியையும் காட்டும் கண்ணாடி, உள்ளே யார் என்று காட்டாது. உளவு என்பதற்கு அதுதானே அடிப்படை?

கஸ்டாவஸ் பிழைத்ததற்குக் காரணம் கப்பல் இல்லை. ஆட்களை மறைத்த மீனவர்கள், சோறு போட்ட காட்டோரக் குடியானவர்கள், மறைத்து வைத்த கருவியைத் தோண்டியெடுத்து மலைக்குச் சுமந்தவர்கள், பிறகு 1945இல் பாராசூட்டில் ஆளும் ஆயுதமும் போட்ட லிபரேட்டர் விமானங்கள். 1945 மே மாதம் பங்கோர் லாவுட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மனையும் புரூமையும் ‘ஸ்டேட்ஸ்மன்’ நீர்மூழ்கி ஏற்றிச் சென்றது உண்மை. அந்தச் சந்திப்பைக் குறிக்க முடிந்ததே கம்பியில்லாத் தந்தி பேசத் தொடங்கிய பிறகுதான்.

இன்று மலேசியாவிடம் 2002இல் வாங்க ஒப்பந்தமிட்ட இரண்டு ஸ்கார்ப்பீன் நீர்மூழ்கிகள் சபாவின் செப்பாங்கர் தளத்தில் இருக்கின்றன. கடல் எல்லையைக் காக்க அவை தேவையா என்பது வேறு விவாதம். உளவுக்காக இன்னும் வேண்டும் என்று எழுதுகிறவர்கள், ஆளை இறக்கிய இரண்டாம் மாதம் அவனுக்குப் பணமும் மருந்தும் செய்தியும் எந்த வழியில் போகும் என்பதை முதலில் எழுதிக் காட்டட்டும். கிளேபாங்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒருமுறை பங்கோருக்கும் பத்து காஜாவுக்கும் அழைத்துச் செல்லட்டும்.