மதிப்பெண்ணும் அதற்கு நாம் எழுதும் உரையும்

நீட் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் நாளேடுகளில் தவறாது இடம்பெறும் சொல் 'பர்சன்டைல்'. இதனைச் சதவீதம் என்றே பலர் படித்துவிடுகின்றனர். பொதுப் பிரிவினருக்கு ஐம்பது பர்சன்டைல் வேண்டும் என்றால், பாதி வினாக்களுக்கேனும் விடை தெரிந்திருக்க வேண்டும் போலும் என எண்ணும் பெற்றோரை இங்கே சோழவந்தானிலும் கண்டிருக்கிறேன்.

அச்சொல் அறிவின் அளவைக் கூறவில்லை. வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தையே கூறுகிறது. தேர்வெழுதியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவருக்குக் கீழே உள்ளனர், அவ்வளவே. அந்த இடத்தில் நின்றவரின் மதிப்பெண் 720-க்கு 2022-இல் 117; 2023-இல் 137; 2024-இல் 162. ஆகவே 130 பெற்ற பிள்ளை 2022-இல் 'தகுதி' பெற்றவர்; மறு ஆண்டில் 'தகுதியற்றவர்'. உடன் எழுதியோரும் வினாத்தாளும் மாறியதற்குப் பிள்ளை என்ன செய்யும்? அன்றியும், இவ்வரம்பைத் தாண்டியதால் மட்டும் கல்லூரியில் இடம் கிடைத்துவிடுவதில்லை.

'தகுதி' என்ற சொல்லின் மீதே எனக்கு வழக்கு உண்டு. நம் மொழியில் அது மனிதரின் மதிப்பையும் சுட்டும். 'வரம்பு' என்று எழுதியிருந்தால் போதுமே! முதுநிலை மருத்துவ இடங்கள் நிரம்பாத நிலையில், 2023 செப்டம்பரில் அத்தேர்வின் வரம்பு பூச்சியம் பர்சன்டைலாகக் குறைக்கப்பட்டது. தேர்வெழுதிய அனைவரும் ஒரே நாளில் 'தகுதி' பெற்றனர்.

வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் விற்கும் ஊர் நம்முடையது. கவுளி எண்ணிக்கையைச் சொல்லும்; இலை கொழுந்தா, முற்றலா என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே அறிகிறோம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எண்ணோடு நின்றுவிடுகிறோம்.

2017-இல் மறைந்த அரியலூர் மாவட்ட மாணவி அனிதா, மேல்நிலைத் தேர்வில் 1200-க்கு 1176-உம், நீட் தேர்வில் 720-க்கு 86-உம் பெற்றிருந்தார். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, ஒன்று மெய்யானால் மற்றது பொய் என வாதிட்டோர் இரு தரப்பிலும் இருந்தனர். மாநிலப் பாடநூலை ஈராண்டு கற்றதன் அளவு ஒன்று. வேறொரு பாடத்திட்டத்தைத் தழுவிய வினாக்களுக்கு மூன்று மணி நேரத்தில் விடை தெரிவு செய்ததன் அளவு மற்றொன்று. இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். சூழலிலிருந்து பிரித்து ஒரு வசனத்திற்குப் பொருள் சொல்லாதே என்று குருமடத்தில் கற்றோம். எண்ணுக்கும் அவ்விதி பொருந்தும்.

மறு ஆண்டே சிக்கல் வேறு வடிவில் மதுரைக்கு வந்தது. 2018-இன் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததாக வழக்கு. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண்களைத் தமிழில் எழுதிய அனைவருக்கும் வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சூலையில் ஆணையிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. விடை அறிந்தவர், அறியாதவர் என்று பாராமல் அனைவருக்கும் ஒரே அளவாகக் கூட்டுவது சரியான திருத்தமன்று என்பது உண்மையே. ஆனால் பிழையான வினாவால் தடுமாறிய பிள்ளையின் மதிப்பெண் அப்படியே நின்றது. அதில் அப்பிள்ளையின் அறியாமை எவ்வளவு, மொழிபெயர்த்தவரின் கவனக்குறைவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.