ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்!

மேடு பள்ளங்களில் அலுங்காமல் செல்லும் கார் வளைவில் சாயும். வளைவில் சாயாத கார் நம் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். இப்படியொரு கருத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதை நம்பிச் சிலர் பட்டறைக்குச் சென்று, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிடுகின்றனர். கார் தாழ்ந்து பந்தயக் காரைப் போலத் தோற்றமளிக்கிறது. செலவும் குறைவு. ஆனால் இச்செய்கை சரியானதுதானா? பள்ளிக்கூடத்தில் கற்ற இயற்பியலைக் கொண்டே எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் சுகம். காரின் எடை ஸ்பிரிங்கின் மேல் அமரும்போது ஸ்பிரிங் சிறிது அமுங்குகிறது அல்லவா? அந்த அமுக்கத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், கார் ஒரு வினாடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். அமுக்கம் 16 செ.மீ. என்றால் வினாடிக்கு 1.25 முறை. இது உடலுக்கு இதமான ஆட்டம். ஸ்பிரிங்கின் விறைப்பை இரு மடங்காக்கினால் அமுக்கம் 8 செ.மீ. ஆகும், ஆட்டம் வினாடிக்கு 1.8 முறை ஆகிவிடும். வினாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள அதிர்வுகளே நம் உடலை மிகவும் வருத்துபவை. விறைப்பு கூடக் கூட அத்தகைய அதிர்வுகள் இருக்கைக்கு வந்து சேர்வதும் கூடும்.

இப்போது வெட்டிய ஸ்பிரிங்குக்கு வருவோம். ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங் ஒன்று, காரின் எடையைத் தாங்கிய நிலையில் 24 செ.மீ. உயரம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சுற்றை வெட்டினால் உயரம் 20 செ.மீ. ஆகிறது; விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. பள்ளத்தில் விழுந்து எழும் சக்கரம் ரப்பர் தடுப்பில் இடிக்கும்வரை மேலேற முன்பு 8 செ.மீ. இடம் இருந்தது என்றால், இப்போது 4 செ.மீ. மட்டுமே உண்டு. ஸ்பிரிங் ஏற்கும் ஆற்றல், விறைப்பையும் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: அதிர்ச்சியைத் தாங்கும் திறன் முன்பிருந்ததில் 30 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது! மீதி அடி ரப்பர் தடுப்பின் வழியாக நேரே காரின் உடலுக்கும் நமக்கும் வந்து சேர்கிறது.

"சுகம் போனால் போகட்டும், வளைவில் பிடிமானம் கிடைக்கிறதே" என்று நீங்கள் கூறலாம். அதையும் சோதிப்போம். கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமை குறைந்து வெளிப்பக்கச் சக்கரங்களின் சுமை கூடுகிறது. 1000 கி.கி. எடையுள்ள கார், அதன் ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில் உள்ளது, இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ.; பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதி. இடம் மாறும் சுமை 196 கி.கி. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு எங்கே வருகிறது? எங்குமே இல்லை. விறைப்பான ஸ்பிரிங் கார் சாயும் கோணத்தைத்தான் குறைக்கும். சுமை மாற்றத்தைத் தடுக்காது.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கார் 4 செ.மீ. தாழ்ந்தால் ஈர்ப்பு மையமும் தாழும். மாறும் சுமை 182 கி.கி. ஆகும். அதாவது, 14 கி.கி. ஆதாயத்துக்காக, அதிர்ச்சி தாங்கும் திறனில் 70 சதவீதத்தை விலையாகக் கொடுத்திருக்கிறோம். வழவழப்பான பந்தயத் தடத்தில் இந்த வியாபாரம் கட்டுபடியாகலாம். மழை அரித்த சாலை வளைவிலோ, வெளிப்பக்கச் சக்கரம் ரப்பர் தடுப்பில் இடித்த கணமே அதன் சுமை திடீரென மாறும். அடுத்த பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது? குடும்பத்தோடு பயணம் செய்பவர் கொடுக்கக்கூடிய விலையா இது?

அப்படியானால் சுகமும் பிடிமானமும் பகைவர்கள்தாமா? இல்லை என்று காட்டிய கார் ஒன்று 1955ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பிரான்ஸ் நாட்டின் சிட்ரோயன் டி.எஸ். கார் அது. பால் மாஜெஸ் என்னும் பொறியாளர் உருவாக்கிய அமைப்பில் உலோக ஸ்பிரிங்குக்குப் பதில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் வாயு அடைத்த ஓர் உலோகக் கோளம் இருந்தது. சக்கரம் எழும்பும்போது எண்ணெய் வாயுவை அழுத்தும். வாயு அமுங்க அமுங்கத் தானே விறைப்பாகும். சுமை ஏறிக் கார் தாழ்ந்தால், எண்ணெயைக் கூட்டிப் பழைய உயரத்துக்கே கொண்டுவரும் ஏற்பாடும் உண்டு. ஸ்பிரிங் மிக மென்மையாக இருந்தும் சக்கரம் ஏறி இறங்கும் இடம் குறையவே இல்லை.

இதிலும் குறைகள் இல்லாமல் இல்லை. அந்தக் கார் வளைவில் நன்றாகவே சாய்ந்தது. பம்பும் குழாய்களும் பராமரிப்பைக் கடினமாக்கின. சாய்வை எண்ணெய் அழுத்தத்தாலேயே அடக்கும் ஏற்பாட்டை 1994இல் சான்ஷியா ஆக்டிவா என்னும் காரில்தான் அந்நிறுவனம் கொண்டுவந்தது. ஆயினும் டி.எஸ். கற்றுத் தந்த பாடம் பெரிது: எல்லா வேலைகளையும் ஸ்பிரிங்கின் தலையில் சுமத்தாதே; ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி உறுப்பை வை.

இப்பாடத்தைச் சாதாரணக் காரிலும் பின்பற்றலாம். வரிசைதான் முக்கியம். முதலில் டயர்களின் காற்றழுத்தத்தையும் தேய்மானத்தையும் பாருங்கள். அடுத்து, இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள். இவை தளர்ந்திருந்தால் ஸ்டியரிங் திருப்பியும் கார் தயங்கித் தயங்கித் திரும்பும். மூன்றாவது, ஷாக் அப்சார்பர். எடையைத் தாங்குவது இதன் வேலையன்று. ஆட்டத்தை அடக்குவதே வேலை. பழையதை மாற்றி நல்லதைப் பொருத்தினாலே போதும். ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலும் கார் ஊஞ்சலாடாது.

அதற்குப் பிறகும் சாய்வு மிகுதியாகத் தோன்றினால், இடது வலது சக்கரங்களை இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பியைச் சற்றுத் தடிமனாக்கலாம். இரு சக்கரங்களும் ஒருசேர எழும்பினால் இக்கம்பி சும்மா இருக்கும். கார் சாயும்போது மட்டுமே முறுக்கேறி எதிர்க்கும். ஆனால் அளவு மீறினால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது தலை இருபுறமும் ஆடும். முன்னும் பின்னும் உள்ள கம்பிகளின் விகிதம் மாறினால் கார் திரும்பும் குணமே மாறிவிடும்; ஆதலால் அறிந்தவரிடம் மட்டுமே இவ்வேலையை ஒப்படைக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றுவது கடைசிப் படி. அப்போதும் காருக்கென வடிவமைத்த ஸ்பிரிங்கைப் பொருத்த வேண்டுமே தவிர, இருப்பதை வெட்டக் கூடாது.

சுகமான கார் என்பது சக்கரத்தைச் சாலையோடு ஒட்டி நடக்கவிடும் கார். பிடிமானமுள்ள கார் என்பதும் அதுவே. அடுத்த முறை யாராவது ஸ்பிரிங்கை வெட்டப் போவதாகச் சொன்னால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.